கையிருப்பின் கணக்கு: குறுந்தூரப் பயணிகள் விமானங்களில் மின் உந்துதலின் வளர்ச்சி

குறுந்தூரப் பயணிகள் விமானங்களை மின்சாரத்தால் இயக்கும் திட்டங்கள் கடந்த பத்தாண்டுகளில் பெரிய அளவில் அறிவிக்கப்பட்டன; பின்னர் ஒவ்வொன்றாகச் சுருங்கின. மின்கலத்தின் எடையே காரணம் என்பது பலரும் தரும் விளக்கம். அது சரியே, ஆனால் போதாது. தரையிறங்கும்போது ஒவ்வொரு விமானத்திலும் மீதமிருக்க வேண்டிய கையிருப்பு ஆற்றலையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான், வெவ்வேறு நாடுகளில் தனித்தனியே தொடங்கிய திட்டங்கள் ஏன் ஒரே இடத்தில் தடுமாறின என்பது விளங்கும். அந்தக் கையிருப்பே இத்துறையின் போக்கைத் தீர்மானித்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

மின்மோட்டார் விமானவியலுக்குப் புதிதல்ல. 1884 ஆகஸ்டில் ரெனார், கிரெப்ஸ் ஆகிய பிரெஞ்சு ராணுவப் பொறியாளர்களின் 'லா ஃபிரான்ஸ்' என்ற வான்கப்பல் மின்மோட்டாரின் விசையால் 23 நிமிடங்களில் சுமார் 8 கி.மீ. சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பியது. வாயுவால் மிதக்கும் கப்பலில் சாத்தியமான இது, இறக்கையால் பறக்கும் விமானத்துக்குக் கைவர ஏறக்குறைய 90 ஆண்டுகள் ஆயின. 1973 அக்டோபரில் ஆஸ்திரியாவில் ஃபிரெட் மிலிட்கி, நிக்கல்-காட்மியம் மின்கலங்கள் பொருத்திய மோட்டார் கிளைடரைச் சுமார் 10 நிமிடங்கள் பறக்கச் செய்தார். லித்தியம்-அயனி மின்கலம் வந்த பிறகே வேகம் கூடியது. 2020 ஜூனில் ஸ்லோவீனியாவின் பிபிஸ்ட்ரெல் நிறுவனம் தயாரித்த இரு இருக்கை 'வெலிஸ் எலக்ட்ரோ', ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையின் வகைச் சான்றைப் பெற்றது. முழு மின்விமானம் ஒன்றுக்குக் கிடைத்த முதல் வகைச் சான்று அதுவே. அது விமான நிலையத்தைச் சுற்றிப் பறக்கும் பயிற்சி விமானம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஓடுபாதை எப்போதும் அருகிலேயே இருப்பதால், வேறோர் ஊருக்குத் திருப்பிவிடும் தேவை அதற்குப் பெரும்பாலும் எழுவதில்லை.

பயணிகள் விமானத்தின் நிலை வேறு. விமான எரிபொருள் ஒரு கிலோவில் சுமார் 12,000 வாட்-மணி ஆற்றல் உண்டு. உறையும் குளிர்விப்பும் சேர்ந்த மின்கலத் தொகுதியில் 180 வாட்-மணி என்று கொள்ளலாம். மோட்டாரின் திறன் அதிகம் என்பதை ஈடாகக் கழித்தாலும் இடைவெளி இருபது மடங்குக்கு மேல் நிற்கிறது. ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். விமானத்தின் எடையில் 30 விழுக்காடு மின்கலம், தூக்குவிசைக்கும் இழுவைக்குமான விகிதம் 15, உந்துதலின் மொத்தத் திறன் 80 விழுக்காடு எனில், மின்கலம் முற்றிலும் தீரும்வரை பறக்கக்கூடிய தூரம் சுமார் 240 கி.மீ. மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் 30 நிமிட இறுதிக் கையிருப்புக்கு 150 கி.மீ. போய்விடும். பயணிகளுக்காக எஞ்சுவது 90 கி.மீ. மட்டுமே. மாற்று நிலையத்துக்குச் செல்லும் தூரத்தை இதில் இன்னும் கழிக்கவில்லை.

கையிருப்பு மாறாத கழிவு என்பதால், மின்கலத்தில் ஏற்படும் சிறு மாற்றமும் பயன்படு தூரத்தில் பெரிதாகத் தெரிகிறது. பழகிப்போன மின்கலம் தன் கொள்திறனில் 20 விழுக்காட்டை இழந்தால் மொத்தத் தூரம் 190 கி.மீ. ஆகும், எஞ்சுவது 40 கி.மீ. அதாவது பயன்பாட்டில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. இத்தாலியின் டெக்னாம் நிறுவனம் நார்வேயின் விடரோ விமான சேவைக்காக வடிவமைத்த 'பி-வோல்ட்' திட்டத்தை 2023 ஜூனில் நிறுத்திவைத்தபோது, மின்கலத்தின் தேய்மானத்தையும் அடிக்கடி அதை மாற்றுவதற்கு ஆகும் செலவையும் முன்வைத்தது இதனால்தான் பொருள்படுகிறது. ஈவியேஷன் நிறுவனத்தின் ஒன்பது பயணியர் விமானமான 'ஆலிஸ்', 2019-இல் சுமார் 1,000 கி.மீ. பறக்கும் என்று அறிவிக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் மோசஸ் லேக்கில் அது முதன்முறை 8 நிமிடங்கள் பறந்தபோது இலக்கு சுமார் 460 கி.மீ. ஆகியிருந்தது. சுவீடனின் ஹார்ட் ஏரோஸ்பேஸ் 19 இருக்கைகளுடன் 400 கி.மீ. என்று தொடங்கி, 2022-இல் 30 இருக்கை 'இஎஸ்-30'-க்கு மாறியது. மின்கலத்தால் மட்டும் 200 கி.மீ.; அதற்கு மேலும் கையிருப்புக்கும் எரிபொருளில் இயங்கும் இயந்திரம் என்பது புதிய ஏற்பாடு.

மின்கலங்கள் மேம்படும்போது இந்தத் தடை தானே விலகும் என்று வாதிடலாம். அதில் வலு உண்டு: அதே கணக்கில் ஆற்றல் அடர்த்தி இரட்டித்தால் பயன்படு தூரம் 90-இலிருந்து 330 கி.மீ. அளவுக்கு உயரும், அதாவது மூன்று மடங்குக்கு மேல். ஆனால் ஆய்வகத்தில் எட்டும் அடர்த்தி விமானத்துக்கு அப்படியே வருவதில்லை. 2013-இல் போயிங் 787-இன் லித்தியம் மின்கலங்கள் தீப்பற்றிப் புகைந்ததால் உலகெங்கும் அவ்வகை விமானங்கள் தரையில் நிறுத்தப்பட்டன. நாசாவின் 'எக்ஸ்-57' திட்டத்தில் ஒரு கலத்தின் வெப்பம் அடுத்ததற்குப் பரவாமலிருக்கத் தொகுதியையே மறுவடிவமைக்க நேர்ந்தது; 2023-இல் அத்திட்டம் ஒருமுறைகூடப் பறக்காமல் முடிந்தது. தடுப்புக்காகச் சேர்க்கும் ஒவ்வொரு கிலோவும் அடர்த்தியைக் குறைக்கிறது. குறுந்தூரச் சேவைகளுக்குக் கையிருப்பு விதியைத் தளர்த்தலாம் என்போரும் உண்டு. நார்வேயின் வடக்கு, மேற்குக் கரைகளில் 800 மீட்டர் அளவேயான ஓடுபாதைகளில், திடீரென மாறும் வானிலையில் இறங்கும் விமானத்துக்கு அந்த விதியே உயிர்க்காப்பு. அதைக் குறைத்துப் பெறும் தூரத்தை முன்னேற்றமாகக் கொள்ள முடியாது.

எரிபொருளைச் சுமக்கும் கலப்பு விமானம் கொள்கையைக் கைவிடுகிறது என்ற குறையும் சரியன்று. கையிருப்பு பெரும்பாலான பயணங்களில் செலவாவதே இல்லை. அதைக் கனம் குறைந்த எரிபொருளிடம் ஒப்படைத்தால், மின்கலத்தின் ஆற்றல் முழுவதும் அன்றாடப் பயணத்துக்குக் கிடைக்கிறது. 2019 டிசம்பரில் மின்மோட்டாருடன் பறந்த கனடாவின் ஹார்பர் ஏர் மிதவை விமானம் இன்னொரு வழியைக் காட்டியது: 2022 ஆகஸ்டில் அது ஃபிரேசர் ஆற்றிலிருந்து வான்கூவர் தீவுக்கு 72 கி.மீ. தூரத்தை 24 நிமிடங்களில் கடந்தது. மின்கலத்தின் அளவுக்குப் பொருந்தும் தடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. விமானத்துறையின் மொத்த உமிழ்வில் இத்தகைய தடங்களின் பங்கு சிறிது. ஆனால் தீவு, கரையோர மக்களுக்கு அவை பேருந்துத் தடம் போல இன்றியமையாதவை.

ஆகவே மின் உந்துதலின் வரலாற்றைத் தோல்வியுற்ற அறிவிப்புகளின் தொகுப்பாக வாசிப்பது பிழை. ஒவ்வொரு சுருக்கமும் வடிவமைப்பாளர்களைக் கையிருப்பின் கணக்குக்கு அருகே கொண்டுவந்தது. இனி வரும் திட்டங்களை அறிவிக்கப்படும் உச்ச தூரத்தால் எடைபோடக் கூடாது. தேய்ந்த மின்கலத்துடன், கையிருப்பைக் கழித்த பிறகு, எத்தனை கிலோமீட்டர் பயணிகளை ஏற்றிச் செல்லும் என்பதே நம்பத்தக்க அளவுகோல். அந்த எண்ணை வெளியிடும் பொறுப்பு உற்பத்தியாளர்களுக்கும், அதைக் கேட்டுப் பெறும் பொறுப்பு பொதுப் பணத்தால் அவர்களை ஊக்குவிக்கும் அரசுகளுக்கும் உண்டு.