மலைக் காப்பியும் நெடுங்காலக் கடனும்: தமிழகத்தில் வங்கியியல் உயர்கல்வியின் ஒரு வேர்

முன்னுரை

வங்கியியலும் நிதியியலும் இன்று முதுகலை நிலையில் வணிகவியல், மேலாண்மைத் துறைகளின் பாடங்களாக உள்ளன. இக்கல்வி நகர வணிகத்தின் தேவையால் மட்டும் உருவானதன்று. உழவர்க்கு உரிய கடனை எவ்வாறு வழங்குவது என்னும் வினாவும் தமிழகத்தில் அதற்கு வித்திட்டது. திண்டுக்கல் மாவட்டத்துக் கீழ்ப்பழனி மலையில் பெரும்பாறை, தாண்டிக்குடிப் பகுதிகளில் நடைபெறும் காப்பி வேளாண்மை, அவ்வினாவின் பொருளை விளக்கவல்லது.

பயிரின் காலமும் கடனின் காலமும்

காப்பிச் செடி நட்டு மூன்று, நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே பலன் தரத் தொடங்கும். எனவே, ஒரு பருவ அறுவடை முடிந்ததும் திருப்பிச் செலுத்த வேண்டிய பயிர்க்கடன் தோட்டம் அமைப்பதற்குப் போதாது. இடைக்கால வருவாய்க்கு மலைவாழை கைகொடுத்தது. முடிக்கொத்து நோய் பரவியபோது அவ்வருவாயும் குன்றியது.

விற்பனையிலும் காலத்தாழ்வு இருந்தது. 1942ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கிய காப்பி வாரியத்தின் கூட்டு விற்பனை முறையில், விவசாயி விளைச்சலை வாரியத்திடம் ஒப்படைத்துத் தவணைகளில் விலையைப் பெற்றார். நிலையான சந்தை கிடைத்தது. ஆயினும் முழுத்தொகை கைக்கு வரும்வரை செலவுக்குக் கடன் தேவைப்பட்டது. 1990களின் தாராளமயத்தில் இம்முறை படிப்படியாகத் தளர்ந்து, 1996இல் விற்பனை முழுமையாகத் தனிச்சந்தைக்கு மாறியது. தவணைக்குக் காத்திருக்கும் நிலை நீங்கியது. விலை ஏற்ற இறக்கத்தின் சுமை விவசாயியைச் சேர்ந்தது.

நிக்கல்சன் அறிக்கையும் அதன் விளைவுகளும்

சென்னை மாகாணத்தில் வேளாண் வங்கிகளை நிறுவும் வாய்ப்பைப் பற்றி ஃபிரெடரிக் நிக்கல்சன் அளித்த அறிக்கை 1895, 1897ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்தது. ஜெர்மனியின் ராய்ஃபைசன் வகைச் சிற்றூர்க் கடன் சங்கங்களை அவர் முன்மாதிரியாகக் கொண்டார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே திரூரில் சங்கம் அமைந்தது. நெடுங்காலக் கடனுக்கென 1929இல் சென்னையில் மத்திய நில அடமான வங்கி தோன்றியது. குறுகியகாலக் கடனையும் நெடுங்காலக் கடனையும் வெவ்வேறு நிறுவனங்கள் வழங்க வேண்டும் என்ற தெளிவு இதில் வெளிப்படுகிறது.

எனினும், 1951–52ஆம் ஆண்டின் அனைத்திந்திய ஊரகக் கடன் ஆய்வு, உழவர் பெற்ற கடனில் கூட்டுறவின் பங்கு ஏறத்தாழ 3 விழுக்காடே எனக் காட்டியது. வட்டிக்கு விடுவோரின் பங்கு ஏறக்குறைய 70 விழுக்காடாக இருந்தது. சட்டமும் நிறுவனமும் இருந்தும் கடன் சிற்றூரைச் சென்றடையாத நிலையில், பயிற்சி பெற்ற பணியாளரின் தேவை முதன்மை பெற்றது.

கல்வி நிலையங்கள்

பெரும்பாறை அமைந்த அதே மாவட்டத்தில், சமவெளியில் காந்திகிராமக் கிராமிய நிறுவனம் 1956இல் தொடங்கி, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. கூட்டுறவு அங்கு உயர்கல்வித் துறையாக வளர்ந்தது. செட்டிநாட்டுக் காரைக்குடியில் 1985இல் உருவான அழகப்பா பல்கலைக்கழகத்தில் வங்கி மேலாண்மை தனித்துறையாக இடம்பெற்றது. முன்னது ஊரகக் கடன் மரபையும், பின்னது வணிகச் சமூகத்தின் வங்கித் தொழில் மரபையும் நினைவூட்டுவன.

முடிவுரை

கடன் திரும்பாமைக்குக் கடன் பெற்றவரின் தகுதியின்மை ஒன்றே காரணமாகாது. பயிரின் காலத்தோடு கடனின் காலம் பொருந்தாமையும் காரணமாகலாம். நில அடமான வங்கியை நிறுவியவர்கள் இதனை உணர்ந்திருந்தனர். இடர்மதிப்பீட்டைக் கணக்கியல் நோக்கில் பயிலும் முதுகலை மாணவர்க்கு இவ்வரலாறும் பாடமாதல் வேண்டும். அது விடுபடின், மலைத்தோட்டச் சிறு விவசாயி கணக்கேட்டில் வாராக்கடனாக மட்டுமே தோன்றுவார்.