ஓசிக் குடையும் நூறு டாலரும்

போன மாசம் அமெரிக்காவில் இருக்கும் என் சித்தப்பா பையன் வாட்ஸப்பில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான். ஏழு நாள் கப்பல் சுற்றுலா புக் பண்ணியிருக்கிறான். பில்லில் ஒரு வரியைச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தான்: பங்குதாரர் சலுகை, 100 டாலர்.

"அண்ணே, கம்பெனியோட ஷேர் நூறு வச்சிருந்தா போதும். ஒவ்வொரு ட்ரிப்புக்கும் காசு குடுக்குறான். சும்மாண்ணே!"

நான் அப்போது காரியாபட்டியில் இருந்தேன். ஒரு வாரம் லீவு. எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போகும் மதுரை - தூத்துக்குடி நான்கு வழிச் சாலையில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளை டீக்கடையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். 'சும்மா' என்ற வார்த்தையைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது கரீபியன் கடல் இல்லை. இதே சாலை போய் முடிகிற தூத்துக்குடியும், அங்கே நூற்றுப் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் சும்மா கொடுக்கப்பட்ட ஒரு குடையும்தான்.

தேடிப் பார்த்ததில் ஒரு விஷயம் தெரிந்தது. அந்தக் குடையும் இந்த நூறு டாலரும் தூரத்துச் சொந்தம். உவமைக்குச் சொல்லவில்லை. கம்பெனி வம்சாவளிப்படியே சொந்தம்.

முதலில் நூறு டாலர் கணக்கு

கார்னிவல் கார்ப்பரேஷன்தான் உலகின் மிகப் பெரிய சொகுசுக் கப்பல் நிறுவனம். குறைந்தது 100 பங்கு வைத்திருப்பவருக்கு அது பல வருஷமாக ஒரு சலுகை தருகிறது. 6 நாள் வரையிலான பயணத்துக்கு 50 டாலர், 7 முதல் 13 நாளுக்கு 100 டாலர், 14 நாளோ அதற்கு மேலோ என்றால் 250 டாலர். கையில் காசாக வராது. கப்பலுக்குள் செலவு பண்ணும் கணக்கில் வரவு வைப்பார்கள். ஒரு அறைக்கு ஒரு சலுகைதான். அடுத்தவருக்கு மாற்றித் தர முடியாது, சூதாட்ட மேசையில் செல்லாது, ஊழியர்களுக்கான டிப்ஸிலும் கழிக்க முடியாது. பங்கு நம் பெயரில் இருப்பதற்கான புரோக்கர் ஸ்டேட்மென்ட்டையும் புக்கிங் எண்ணையும் பயணத்துக்கு முன்பே காட்டிக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காதவனுக்குக் கிடையாது.

லாயல்டி சலுகை என்பது வேறு. அது பங்குதாரருக்கு அல்ல, திரும்பத் திரும்ப வரும் பயணிக்கு. எத்தனை இரவு கப்பலில் தங்கினீர்கள் என்பதற்குப் புள்ளி. புள்ளி ஏற ஏறப் படிநிலை. கார்னிவலின் கீழ் இருக்கும் பி அண்ட் ஓ க்ரூசஸில் இந்தத் திட்டத்துக்குப் பெனின்சுலர் கிளப் என்று பெயர். இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இது லாபமா? பங்கு 25 டாலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 2,500 டாலர் போட்டு வருஷம் ஒரு ஏழு நாள் பயணம் போனால் 100 டாலர், அதாவது 4 சதவீதம். நல்லாத்தானே இருக்கு என்று தோன்றும். 2020 ஜனவரியில் இந்தப் பங்கு 50 டாலர் அளவில் இருந்தது. கொரோனா வந்து கப்பல்கள் நின்றன. மார்ச் கடைசியில் டிவிடெண்டை நிறுத்தினார்கள். ஏப்ரலில் பங்கு 10 டாலருக்கும் கீழே போனது. சலுகைக்காக 5,000 டாலர் போட்டவரிடம் மிஞ்சியது ஆயிரத்துக்கும் குறைவு. நூறு டாலர் சலுகை மட்டும் அப்படியே இருந்தது, ஏறிப்போகத்தான் கப்பல் இல்லை.

இப்போது நம்ம ஊர்க் கப்பல்

சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபர் 16 அன்று பதிவானது. முதலீடு 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். வ.உ.சி. என்றால் செக்கும் சிறையும்தான் நமக்குப் பாடப்புத்தகத்தில் வரும். ஆனால் அவர் முதலில் செய்தது ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்றது. இன்றைய பாஷையில் ஐ.பி.ஓ. ரோட்ஷோ. ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளை 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

கம்பெனியின் தலைவர் யார் தெரியுமா? மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை 1901-இல் நிறுவிய பாண்டித்துரைத் தேவர். பாலவநத்தம் ஜமீன்தார். பாலவநத்தம் எங்கே இருக்கிறது? இங்கேதான், அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் போகும் வழியில். அந்தப் பக்கம் எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். பிரிட்டிஷ் கப்பல் கம்பெனியோடு மோதிய ஒரு நிறுவனத்தின் தலைவர் இந்தக் கரிசல் காட்டு ஊர்க்காரர் என்று நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது. படித்தது பி.இ. என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, சுருக்கமாக பி.ஐ. வில்லியம் மெக்கின்னன் 1856-இல் கல்கத்தா அண்ட் பர்மா என்ற பெயரில் தொடங்கி, 1862-இல் பெயர் மாறியது. அரசாங்கத் தபாலைச் சுமக்கும் ஒப்பந்தம் கையில் இருந்தது. நம்மவர்களிடம் ஆரம்பத்தில் சொந்தக் கப்பலே இல்லை. வாடகைக்கு எடுத்த கப்பலையும் பி.ஐ. நெருக்கடி கொடுத்துத் திரும்ப எடுக்க வைத்தது. வ.உ.சி. பம்பாய் போய் அலைந்து ஏற்பாடு செய்து, 1907-இல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர் போகலாம்.

அப்புறம்தான் விலைச் சண்டை. தூத்துக்குடி - கொழும்பு கட்டணத்தை பி.ஐ. ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. பி.ஐ. கடைசியாக ஒன்று செய்தது: டிக்கெட்டே வேண்டாம், சும்மா வாருங்கள், போகும்போது ஆளுக்கொரு குடையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் என் இன்ஜினியர் புத்தி கணக்குப் போட்டது. எட்டணாக் கட்டணத்தில் சாதாரண வகுப்பு முழுக்க நிரம்பினாலும் ஒரு நடைக்கு 650 ரூபாய்தான். அதில்தான் நிலக்கரி, மாலுமி சம்பளம், துறைமுகச் செலவு எல்லாம். பத்து லட்சம் முதலீட்டை வைத்துக்கொண்டு இதை எத்தனை மாசம் ஓட்ட முடியும்? பி.ஐ.க்கு வங்காள விரிகுடா, பர்மா, பாரசீக வளைகுடா என்று எத்தனையோ தடங்கள். ஒரு தடத்தில் விடும் நஷ்டத்தை இன்னொன்றில் எடுத்துவிடலாம். சுதேசிக்கு இருந்தது இந்த ஒரு தடம். இன்றைக்கு ஆப் கம்பெனிகள் முதலீட்டாளர் காசை எரித்து கேஷ்பேக் கொடுக்கிற அதே கணக்குதான்.

குடை வாங்கியவர்கள் துரோகிகளா?

மேடைப் பேச்சுகளில் இந்தக் குடைக் கதை வரும்போது, 'ஓசிக்கு ஆசைப்பட்ட தமிழன்' என்று ஒரு கைதட்டல் வாங்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதற்கு எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கம் தீபாவளிச் சீட்டு எல்லா வீட்டிலும் உண்டு. மாசாமாசம் கட்டினால் தீபாவளிக்கு ஒரு பெட்டி பட்டாசு, ஸ்வீட், ஒரு பாத்திரம். கட்டியதைவிடக் கொஞ்சம் கூடவே கிடைக்கும். ஆனால் இடையில் நிறுத்தினால் கூடுதல் போச்சு. நான் ஒன்பதாவது படிக்கும்போது அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய், அம்மா பத்து மாசம் கட்டிவிட்டுக் கடைசி இரண்டு மாசம் கட்ட முடியவில்லை. கட்டிய காசு மட்டும் பிடித்தம் போகத் திரும்பி வந்தது. "பத்து மாசம் கட்டுனதுக்கு ஒரு மத்தாப்புப் பாக்கெட்டாவது குடுத்திருக்கலாம்" என்று அம்மா வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்.

கப்பல் கம்பெனிகள் இதே சூத்திரத்தைப் பெரிய அளவில் நடத்தின. 1875-இல் இங்கிலாந்து - கல்கத்தா தடத்துக் கம்பெனிகள் ஒன்று கூடி, கட்டணத்தைத் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டன. 1877-இல் அதோடு ஒரு தள்ளுபடித் திட்டம் சேர்ந்தது. குறிப்பிட்ட காலம், பெரும்பாலும் ஆறு மாசம், சரக்கு முழுவதையும் இந்தக் கூட்டணிக் கப்பல்களிலேயே அனுப்பினால் கட்டணத்தில் 10 சதவீதம் திரும்பக் கிடைக்கும். உடனே கிடைக்காது. அடுத்த ஆறு மாசமும் விசுவாசமாக இருந்தால்தான். நடுவில் ஒரே ஒரு மூட்டையை வெளிக் கப்பலில் ஏற்றினாலும் சேர்ந்த தள்ளுபடி எல்லாம் காலி. புதிதாக ஒருவன் குறைந்த விலையில் கப்பல் விட்டாலும் வியாபாரி அவன் பக்கம் போக முடியாது, ஏனென்றால் இவன் பணம் அவர்கள் பெட்டியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. இன்றைய லாயல்டி பாயிண்ட்டின் பாட்டன் இந்தத் திட்டம்தான் என்பது என் கணிப்பு.

இது நியாயமா என்று விசாரிக்க பிரிட்டனில் ஒரு ராயல் கமிஷன் போட்டார்கள். எந்த வருஷம்? 1906. சுதேசிக் கம்பெனி பிறந்த அதே வருஷம். 1909-இல் வந்த அறிக்கையில் பெரும்பான்மையோர் இதை ஒழிக்கச் சொல்லவில்லை. அமெரிக்கா 1916-இல் சட்டம் போட்டே தடை செய்தது. இந்தியாவில் 1920-களின் கடைசியில் சாராபாய் ஹாஜி மத்திய சட்டசபையில் இதற்கு எதிராக மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

ஆகவே, வியாபாரியைத் தள்ளுபடியாலும் ஏழைப் பயணியைக் குடையாலும் கட்டிப்போட்ட ஏற்பாடு இது. கொழும்புக்குப் பிழைக்கப் போகும் கூலிக்கு ஒரு ரூபாயும் ஒரு குடையும் பெரிய விஷயம். அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். கட்டணச் சண்டை மட்டும் போதவில்லை என்பதை ஆட்சியாளர்களின் செயலே காட்டுகிறது. 1908 மார்ச் 12-இல் வ.உ.சி.யைக் கைது செய்தார்கள். ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார், பிறகு அது குறைக்கப்பட்டது. ஓட்டுகிறவர் உள்ளே போனபின் கம்பெனி தள்ளாடி, 1911-இல் மூடப்பட்டது. பாண்டித்துரைத் தேவர் காலமானதும் அதே 1911. வ.உ.சி. 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. பங்குதாரர்கள் 25 ரூபாய்க்குச் சலுகை எதையும் கேட்டு வாங்கியதாக நான் படித்ததில்லை. அவர்களுக்குக் கிடைத்தது, நம்ம கப்பல் கொழும்பு போகுது என்று சொல்லிக்கொள்ளும் கொஞ்ச கால சந்தோஷம்.

வம்சாவளி

1914-இல் பி.ஐ. கம்பெனி பி அண்ட் ஓவுடன் இணைந்தது. பி அண்ட் ஓ என்றால் பெனின்சுலர் அண்ட் ஓரியண்டல். அந்த பி அண்ட் ஓ 1987-இல் யூரோப்பியன் ஃபெரீஸ் என்ற படகுக் கம்பெனியை வாங்கியது. டோவரில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கப் பங்குதாரர்களுக்குக் கட்டணத் தள்ளுபடி கொடுத்துப் பிரபலமான கம்பெனி அது. தள்ளுபடிக்காகவே பங்கு வாங்கியவர்கள் ஏராளம். 2000-இல் பி அண்ட் ஓ தன் சொகுசுக் கப்பல் பிரிவைத் தனியாகப் பிரித்தது. 2003-இல் அது கார்னிவலோடு சேர்ந்தது. பெனின்சுலர் கிளப் இப்போது புரிந்திருக்கும். குடை கொடுத்த கம்பெனி போய்ச் சேர்ந்த குடும்பத்தின் ஒரு கிளைதான் இன்று என் தம்பிக்கு நூறு டாலர் கொடுக்கிறது.

ஒரு கொசுறு. சுதேசிக் கம்பெனி விட்ட இடத்திலிருந்து சிந்தியா கம்பெனி தொடங்கியது. அதன் முதல் கப்பல் 1919 ஏப்ரல் 5 அன்று பம்பாயிலிருந்து லண்டன் கிளம்பியது. அந்த நாளைத்தான் தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறோம். அந்தக் கப்பலின் பெயர் லாயல்டி. சத்தியமாக நான் வைத்த பெயர் இல்லை.

இதையெல்லாம் தம்பிக்கு வாய்ஸ் மெசேஜாக ஒன்பது நிமிஷம் பேசி அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

"அண்ணே, அப்ப நான் க்ளெய்ம் பண்ணலாமா, வேணாமா?"

"தாராளமா பண்ணு. உனக்குச் சேர வேண்டிய காசு. ஆனா அதுக்காக இன்னொரு நூறு ஷேர் வாங்கிடாத" என்றேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பாலவநத்தம், அருப்புக்கோட்டை, தூத்துக்குடிப் பக்கம் யார் வீட்டிலாவது பரணில், பழைய டிரங்குப் பெட்டியில், சுதேசிக் கம்பெனியின் 25 ரூபாய்ப் பங்குப் பத்திரம் கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். இன்றைய தேதியில் அதை வைத்து எந்தச் சலுகையும் கேட்க முடியாதுதான். யார் யார் வாங்கினார்கள், எந்த ஊர்க்காரர்கள் என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்க்க எனக்கு ஆசை.