முதலாளி இல்லாதவர்களின் சங்கம்

திருவண்ணாமலைக் கோயிலின் சாசனங்களைப் படிப்போர்க்கு, நந்தாவிளக்கு அணையாதிருக்கவும் நந்தவனம் வாடாதிருக்கவும் சந்திர சூரியர் உள்ளளவும் செல்லுமாறு நிவந்தங்கள் ஏற்படுத்தி வைத்த முன்னோரின் தீர்க்கதரிசனம் நன்கு விளங்கும். நிரந்தரம் என்பதன் அருமையை இவ்வூர் அக்காலத்திலேயே அறிந்திருந்தது. ஆயினும், கிருஷ்ணதேவராயர் தொடங்கித் தஞ்சைச் செவ்வப்ப நாயக்கர் நிறைவேற்றிய 217 அடி இராஜகோபுரம் போன்ற பெரும்பணிகளுக்கு ஆதாரமான கட்டடத் தொழிலோ, வேலை முடிந்ததும் வேலையாளுக்கு விடைகொடுத்து அனுப்பிவிடும் சுபாவம் உடையது.

அந்தச் சுபாவம் இன்றும் மாறவில்லை. மானாவாரிக் கடலையை நம்பிப் பிழைக்க முடியாமல் இவ்வட்டாரத்துச் செங்கம், போளூர், தண்டராம்பட்டுப் பக்கங்களிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் புறப்பட்டுப் போகிறவர்களுள் பலருக்குக் கட்டட வேலையே ஜீவனம். கரண்டியும் மட்டப்பலகையும் தூக்குக்குண்டும் பையில் கொண்டு கொத்தனாரும், சும்மாட்டுத் துணியும் சோற்றுத் தூக்குமாகச் சித்தாளும் விடியுமுன் நாற்சந்தியில் வந்து நிற்க, மேஸ்திரி வேண்டியவரைப் பொறுக்கி அழைத்துச் செல்வார்; மற்றவர் வீடு திரும்புவர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எல்லோருமே திரும்ப வேண்டியதுதான். ஆயுள் முழுவதும் கலவை சுமந்தும் கரண்டி பிடிக்கும் யோக்கியதை தனக்கு உண்டென்று எவரும் ஒப்புக்கொள்ளாத பெண்ணின் நிலையை இங்கே தனியாகச் சொல்லாமல் இருக்க என் மனம் இடந்தரவில்லை.

இத்தகையோர் சங்கம் சேர்வது எங்ஙனம்? 1918 ஏப்ரல் 27ஆம் நாள் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிற்சங்கத்தை நிறுவியபோது, பக்கிங்ஹாம் கர்னாடிக் ஆலைத் தொழிலாளிக்கு எதிரே ஓர் ஆலை வாசலும் அதற்கு ஒரு முதலாளியும் இருந்தனர். ஏழு பேர் கூடினால் சங்கத்தைப் பதிவு செய்துகொள்ள 1926ஆம் வருஷத்துச் சட்டம் வழி வகுத்தது உண்மையே. ஆனால் நேற்று ஒருவர் வீட்டிலும் இன்று மற்றொருவர் மாடியிலும் வேலை செய்து, மேஸ்திரி கையால் கூலி வாங்குகிறவர் யாரை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்வது? சாரம் சரிந்து கால் முறிந்தால் நஷ்டஈடு கேட்க 1923ஆம் வருஷத்துச் சட்டம் இருந்தது. அன்று அவர் அங்கே வேலை செய்தார் என்பதை ருசுப்படுத்த ஒரு வருகைப் பதிவேடாவது இருந்ததா?

1979இல் தமிழ்நாட்டில் உருவான தமிழ் மாநிலக் கட்டடத் தொழிலாளர் சங்கம் இந்த முடிச்சை அவிழ்த்த விதம், நம் தொழிற்சங்க சரித்திரத்தில் நின்று கவனிக்கத் தக்கது. எந்தக் கட்சியின் தொழிற்சங்கத்தோடும் இணையாமல், ஆர். கீதா முதலியோர் நடத்திய அச்சங்கம், தனித்தனி முதலாளியைத் தேடி அலைவதை விட்டு, கட்டடத்தையே முதலாளியாகக் கொண்டது. எங்கே கட்டடம் எழும்பினாலும் அதன் செலவில் ஒரு பங்கு தொழிலாளர் நிதிக்கு வந்து சேர வேண்டும். அரசும் உரிமையாளரும் தொழிலாளரும் கூடிய வாரியம் வேலையையும் கூலியையும் முறைப்படுத்த வேண்டும் என்பதே கோரிக்கை. துறைமுகத் தொழிலாளர்க்கு 1948இலும், மராட்டிய மாநிலத்துச் சுமை தூக்குவோர்க்கு 1969இலும் சட்டம் செய்து கொடுத்ததைத்தான் இவர்கள் தங்களுக்கும் கேட்டார்கள்.

1982இல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் பிறந்தது. சட்டம் பிறந்தும் கட்டடத் தொழிலாளர்க்கு வாரியம் கிடைக்க 1994 வரை காத்திருக்க நேர்ந்தது. இதற்கிடையே நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில், மத்தியச் சட்டம் கோரித் தேசியப் பிரசாரக் குழு அமைந்து, இலட்சக்கணக்கான கையொப்பங்கள் பாராளுமன்றத்துக்குப் போயின. 1996இல் மத்தியச் சட்டமும், கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்றுக்குக் குறையாமல் தீர்வை வாங்கும் சட்டமும் நிறைவேறின. நிரந்தர வேலையே இல்லாதவர்கள் தேசம் முழுமைக்கும் சட்டம் பெற்றுத் தந்தனர் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பே மிகுகிறது.

ஆயினும் அவர்கள் கேட்டதில் பாதியே வந்தது. விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்பு உதவி, திருமண உதவி, ஓய்வூதியம் ஆகியவற்றை வாரியம் வழங்குகிறது. வேலையைப் பங்கிடுவதும் கூலியை நிச்சயிப்பதும் மேஸ்திரியின் கையிலேயே நின்றுவிட்டன. 1982ஆம் வருஷத்துச் சட்டத்தின் முழுப் பெயரிலேயே வேலை ஒழுங்குமுறை இருக்க, நடைமுறையில் நலத்திட்டம் மட்டும் நிலைத்ததை நான் பெருங்குறையாகவே கருதுகிறேன்.

வாரியத்தில் பதிவு செய்துகொள்ள, முதலாளி இல்லாதவர்க்கு இவர் கட்டடத் தொழிலாளிதான் என்று சான்று தருவார் யார் என்ற பிரச்சினைக்கும் தொடக்கத்தில் சங்கமே விடையாயிற்று. உடன் உழைத்தவர்களை அறிந்த சங்கம் கையொப்பமிட்டது. பின்னர் கிராம நிர்வாக அலுவலரின் சான்று வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. பெங்களூரில் பத்தாம் மாடியில் பூச்சு வேலை செய்கிறவரைத் தண்டராம்பட்டுப் பக்கத்துக் கிராமத்தின் அலுவலர் எப்படி அறிவார்? சங்கங்கள் மனு எழுதிவந்த விஷயங்களுள் இதுவும் ஒன்று.