கரப்பானும் அரளியும்

நேத்து ராத்திரி சிங்க் அடியில ஒரு கரப்பானை விளக்குமாத்தால ரெண்டு போடு போட்டேன். மூணாவது அடிக்குள்ள ஓடிப்போச்சு. "அணுகுண்டு போட்டாலே சாகாதாம், உங்க அடிக்கா சாகப்போவுது" என்றார் தங்கமணி. அதான் இந்தப் பதிவு :-)

கரப்பான் கதை பாதி நிஜம். மனுஷனைக் கொல்ற கதிர்வீச்சைப் போல பத்து மடங்குக்கு மேல அது தாங்கும். பிரிஞ்சு பெருகிட்டிருக்கிற செல்களைத்தான் கதிர்வீச்சு அதிகமா தாக்கும். நம்ம குடலிலும் எலும்பு மஜ்ஜையிலும் அந்த வேலை ஓயாம நடக்குது. கரப்பானுக்குப் பெரும்பாலும் தோலுரிக்கிற சமயத்துலதான். ஆனா அது ஒண்ணும் சாம்பியன் இல்லை. பழ ஈ அதைவிட அதிகம் தாங்கும். 1956ல ஓரிகன் மாநிலத்துல, காமா கதிர் பாய்ச்சின டின் இறைச்சி அப்படியும் கெட்டுப்போக, ஆர்தர் ஆண்டர்சன் அதுக்குள்ள ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடிச்சார். டெய்னோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ்னு பேரு. நமக்குச் சாவு தர்ற அளவைப்போல ஆயிரம் மடங்கு விழுந்தாலும், சிதறின டி.என்.ஏவை ஒட்டவெச்சுக்கிட்டுப் பொழைச்சிடும்.

இதெல்லாம் லேப் கணக்கு. நிஜ குண்டுல கதிர்வீச்சோட சேர்ந்து நெருப்பும் காத்தழுத்தமும் வருது. அதுல எது பொழைச்சதுன்னு தெரிஞ்சுக்க ஹிரோஷிமாவுக்குத்தான் போகணும்.

1945 ஆகஸ்ட் 6, காலை 8.15. தரையிலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்துல வெடிச்சது. அந்த வருஷக் கடைசிக்குள்ள செத்தவங்க ஏறத்தாழ 1,40,000 பேர். ரெண்டே நாள்ல, அணுகுண்டுத் திட்டத்துல வேலை பார்த்த ஹரோல்ட் ஜேக்கப்சன், அந்த மண் எழுபது வருஷத்துக்கு உயிரில்லாம கிடக்கும்னு சொன்னதா அமெரிக்கப் பத்திரிகைகள்ல வந்துச்சு. ஹிரோஷிமா ஜனங்க மத்தியில இது 75 வருஷமாப் பரவிச்சு. வீடும் போய், பெத்ததும் போய், இனி இங்க புல்லு கூட முளைக்காதுன்னு கேட்டா எப்படி இருந்திருக்கும்?

ஒரு மாசம் கழிச்சு, செப்டம்பர் 9. தோஷிகோ சசாகி என்ற இளம்பெண்ணை வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தறாங்க. குண்டு விழுந்தப்ப புத்தக அலமாரி சரிஞ்சு கால் நசுங்கினவர். இடிபாட்டை அன்னிக்குத்தான் முதல்முறையா பார்க்கிறார். ஜான் ஹெர்சி 1946ல எழுதிய 'ஹிரோஷிமா'வில் இது வருது. அவரை உலுக்கினது சாம்பல் இல்லை, பச்சை. இடிபாடு முழுக்கச் செடி மண்டிக்கிடந்தது. பருப்புக்கீரை, எள், எல்லாத்துக்கும் மேல தகரை! நம்ம ஊர்ல மழை பெஞ்சா ரோட்டோரம் முளைக்குதே, அந்தத் தகரைதான். மேல இருந்தது கருகிப்போச்சு, ஆனா மண்ணுக்குள்ள இருந்த வேரும் விதையும் தப்பிச்சிருச்சு.

மரங்களும் அப்படித்தான். வெடிச்ச இடத்துக்கு நேர்கீழே இருந்து 370 மீட்டர் தள்ளி நின்ன வில்லோ மரம் ஒடிஞ்சு, வேர்லேர்ந்து மறுபடி துளிர்த்தது. 1,130 மீட்டர்ல ஹோசென்போ கோயில் நொறுங்கிப்போச்சு, பக்கத்துல நின்ன கிங்கோ மரம் தழைச்சது. கோயிலைத் திருப்பிக் கட்டினப்போ மரத்தை வெட்ட மனசு வராம படிக்கட்டைப் பிரிச்சுக் கட்டினாங்க. இப்படிப் பொழைச்ச மரங்களுக்கு ஜப்பானியர்கள் வெச்ச பேரு 'ஹிபாகு ஜுமோகு'. குண்டுல பொழைச்ச மனுஷங்க 'ஹிபாகுஷா'. ரெண்டுக்கும் முதல் சொல் ஒண்ணுதான். சீக்கிரமே பூத்த அரளியை 1973ல நகரத்தோட மலரா அறிவிச்சாங்க. நம்ம ஹைவே நடுவுல வரிசையா நிக்குமே, அதே அரளி.

இதை வெச்சு அடுத்த போரையும் செடிகள் சமாளிச்சிடும்னு நான் நம்பல. ஹிரோஷிமா குண்டு ஒண்ணே ஒண்ணு, சுமார் 15 கிலோ டன். இன்னிக்கு இருக்கிறது ஆயிரக்கணக்குல. ஊர் ஊரா எரிஞ்சு புகை வெயிலை மறைச்சா பூமி குளிர்ந்துபோகும்னு கார்ல் சேகன் குழு 1983லயே எச்சரிச்சது. வெயில் இல்லாம வேர் துளிர்விட்டு என்ன செய்யும்?

ஒரு மரத்தைப் பத்தி மட்டும் சொல்லிடறேன். 1625லேர்ந்து வளர்ந்த ஒரு போன்சாய் பைன். குண்டு விழுந்தப்போ மூணு கிலோமீட்டர் தள்ளி யமாகி குடும்பத்து நர்சரியில, சுவருக்குப் பின்னாடி இருந்து தப்பிச்சது. 1976ல அமெரிக்காவோட 200வது ஆண்டுக்கு மசாரு யமாகி அதைப் பரிசாக் கொடுத்தார். எங்கேர்ந்து வந்ததுன்னு மூச்சு விடல. வாஷிங்டன்ல 25 வருஷம் வர்றவங்க எல்லாம் அதை ஒரு அழகான பழைய மரமாப் பார்த்துட்டுப் போனாங்க. 2001ல அவரோட பேரன்கள் ரெண்டு பேர் தாத்தா மரத்தைப் பார்க்க வந்து சொன்னப்புறம்தான் அங்கே இருந்தவங்களுக்கே விஷயம் தெரிஞ்சது.