கால்வாய் வெட்டிய போதகர்

தாம்பரத்துக்குக் கிழக்கே, சோழிங்கநல்லூர் வழியாகச் செல்லும் பக்கிங்காம் கால்வாயை நாம் அறிவோம். அதன் வடபகுதியிலுள்ள ஒங்கோலில், நம் பிரிந்த சகோதரரான பாப்டிஸ்து சபையார் 1867-இல் எட்டே பேருடன் ஒரு சபையைத் தொடங்கினர். தாது வருடப் பஞ்சத்தில் அவர்களுடைய போதகர் ஜான் எவரெட் கிளஃப், அக்கால்வாயில் மூன்றரை மைல் வெட்டும் ஒப்பந்தத்தை ஏற்று, பசித்தோருக்குக் கூலிவேலை தந்தார். திரளானோர் திருமுழுக்குக் கேட்டனர். சோற்றுக்காக வந்தவர்கள் என்ற பழிச்சொல் வரலாகாதென்று, பஞ்சம் தீருமட்டும் அவர் மறுத்தார். உதவி நின்றபின்னும் அவர்கள் வந்தனர். 1878 ஜூலை 3-இல் குண்டலகம்மா ஆற்றில் 2,222 பேர் திருமுழுக்குப் பெற்றனர். பங்கேட்டில் பெயர்களை எண்ணி மகிழும் இந்த யூபிலி ஆண்டில், செய்த உதவிக்கு விசுவாசத்தை விலையாகக் கேளாத அந்த நேர்மையை நாமும் கைக்கொள்வோமாக.