கொத்தனாரின் அச்சம்

ரயில் பாலம் என்றால் அதன்மேல் எஞ்சின் ஓடியிருக்க வேண்டும் என்றுதானே நினைக்கிறோம்? இங்கிலாந்தின் வடகிழக்கே, டர்ஹாம் பகுதியில் ஓர் ஓடையைத் தாண்டி நிற்கும் காஸி வளைவின்மேல் நீராவி எஞ்சின் ஒருநாளும் ஓடியதில்லை. ஆயினும் இன்று நிற்கும் ரயில் பாலங்களுள் அதுவே மூத்தது. பெயரைக் கேட்டுக் கங்கைக் கரைக் காசியோ என்று மயங்க வேண்டாம்!

1725-ல் தொடங்கி 1726-ல் முடித்தார்கள். அதே டர்ஹாமில் ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதையில் எஞ்சின் புறப்பட இன்னும் 99 ஆண்டுகள் இருந்தன. அப்படியானால் பாலம் எதற்கு? நிலக்கரிக்கு. கூட்டுச் சேர்ந்த சுரங்க முதலாளிகள், மரத் தண்டவாளங்களின்மேல் குதிரை பூட்டிய வண்டிகளில் கரியை டைன் நதிக்கு அனுப்பினார்கள். நடுவே குறுக்கிட்டது இந்தப் பள்ளத்தாக்கு.

வேலை ரால்ஃப் வுட் என்ற உள்ளூர்க் கொத்தனாரிடம் வந்தது. முன்பு மரத்தால் கட்டிய பாலம் சரிந்துபோயிருந்தது. இம்முறை கல். 100 அடிக்கு மேற்பட்ட தூரத்தை ஒரே வளைவில் தாண்ட வேண்டும். நடுவில் தூண் கிடையாது. உயரமோ 80 அடி. அந்நாட்டில் அவ்வளவு பெரிய ஒற்றை வளைவு அன்று வேறு இல்லை.

கல் வளைவின் சங்கடத்தை எண்ணிப் பாருங்கள். ஆப்பு வடிவில் செதுக்கிய கற்கள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளுவதனாலேயே விழாமல் நிற்கின்றன. உச்சிக்கல் அமரும்வரை அவற்றுக்கு அந்தப் பலம் இல்லை. கீழே கொடுத்த மரச்சாரந்தான் பாரம் முழுவதையும் தாங்குகிறது. பிறகு சாரத்தைப் பிரிக்கும் நாள் வரும். கணக்குச் சரியா, தவறா என்பது அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும். பழைய தோல்வி கண்முன் நிற்கும் மனிதன் அதுவரை தூங்கியிருப்பானா?

வுட் தூங்கவில்லை என்றே ஊர்க்கதை சொல்கிறது. இதுவும் இடிந்துவிடும் என்று அஞ்சி, வேலை முடியுமுன்பே அதன்மேலிருந்து குதித்து உயிரை விட்டாராம். கதை எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்! ஆனால் பெரிய கட்டடம் எதுவானாலும், கட்டியவனைப் பலிகொடுத்துக் கதை சொல்வது உலகெங்கும் மக்களுக்குப் பிடித்த வழக்கம். ஆகவே இதை முழுக்க நம்ப எனக்கு மனம் வரவில்லை. அச்சம் மட்டும் உண்மையாக இருந்திருக்கும்.

பாலம் இடியவில்லை. இரட்டைப் பாதையில் ஒன்றில் கரி வண்டிகள் போயின. மற்றொன்றில் காலி வண்டிகள் திரும்பின. நாளொன்றுக்கு 900-க்கு மேல் என்று கணக்கு. இடிந்தது வியாபாரந்தான். 15 ஆண்டுகள் ஆவதற்குள் டான்ஃபீல்டு சுரங்கம் தீப்பற்றி அழியவே, வண்டிகளின் வரவு குறைந்தது. 1756-ல் வேல்ஸ் நாட்டுப் பான்டிப்ரீத் பாலம் எழுந்து, மிகப் பெரிய வளைவு என்ற பட்டத்தையும் பறித்துக்கொண்டது. 1980-களில் காஸியைப் பழுதுபார்த்துப் பலப்படுத்தினார்கள். இப்போது அதன்மேல் நடந்து போகலாம். ஓடை கீழே, வெகு ஆழத்தில் ஓடுகிறது.