தாமிரம்-70: ஒரு கரு, மூன்று ஆயுள்

ஐசோமர் என்றதும் நம் மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது மருத்துவமனை டெக்னீசியம்-99எம். கிளர்நிலையில் சற்றுத் தங்கி, காமாக் கதிரை உமிழ்ந்து அடிநிலைக்கு இறங்கும் கரு அது. பாடநூல்கள் இந்த ஓர் எடுத்துக்காட்டோடு நின்றுவிடுவது எனக்கு நெடுநாள் வருத்தம். நியூட்ரான் மிகுந்த கருக்களில் பல ஐசோமர்கள் பெரும்பாலும் அடிநிலைக்கு இறங்குவதில்லை. முன்வாசல் அடைத்திருக்க, கொல்லைப்புறமாக வெளியேறுவதுபோல் நேரே பீட்டாச் சிதைவுக்குப் போய்விடுகின்றன.

முதலில் கண்டறியப்பட்ட ஐசோமரே அப்படிப்பட்டதுதான். 1921-இல் பெர்லினில் ஓட்டோ ஹான், யுரேனியத்தின் சிதைவுப் பொருள்களிடையே 'யுரேனியம் இசட்' என்பதைக் கண்டார். அதுவும் முன்பே தெரிந்திருந்த 'யுரேனியம் எக்ஸ்-2'வும் புரோட்டாக்டினியம்-234 என்னும் ஒரே கருவின் இரு நிலைகள். அடிநிலையின் அரை ஆயுள் 6.7 மணி, ஐசோமருக்கோ 1.16 நிமிடம். அந்த ஐசோமரில் காமா வழியே இறங்குவது ஆயிரத்தில் ஏறக்குறைய இரண்டு மட்டுமே. இரு நிலைகளின் தற்சுழற்சி பெரிதும் வேறுபட்டால் காமா மாற்றம் மிக மெதுவாகும் என்று 1936-இல் இயற்பியலாளர் வைசாக்கர் விளக்கினார்.

தாமிரம்-70 இதைவிட நுட்பமானது. நிலையான தாமிரத்தில் கனமானது 65. அதைவிட ஐந்து நியூட்ரான் கூடுதல். இதில் பீட்டாச் சிதைவுறும் நிலைகள் மூன்று. தற்சுழற்சி 6 உள்ள அடிநிலைக்கு அரை ஆயுள் 44.5 நொடி. 101 கிலோ எலக்ட்ரான் வோல்ட் மேலே, தற்சுழற்சி 3. அரை ஆயுள் 33 நொடி. 242-இல் தற்சுழற்சி 1; அரை ஆயுள் 6.6 நொடி. 29-ஆம் புரோட்டானும் 41-ஆம் நியூட்ரானும் எந்தச் சுற்றுப்பாதைகளில் எப்படி இணைகின்றன என்பதே இந்த வேறுபாட்டின் வேர்.

மூன்றையும் பிரித்தறிவது எளிதன்று. முதலிரண்டின் நிறை வேறுபாடு ஏறத்தாழ ஆறரை லட்சத்தில் ஒரு பங்கு. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில், ஐசோல்டே நிலையத்தில் இதற்கு வழி பிறந்தது. ஒவ்வொரு நிலைக்கும் காந்தத் திருப்புதிறன் வேறு; அதனால் அணுவின் எலக்ட்ரான் மட்டங்கள் பிளவுபடும் அளவும் சிறிது மாறும். லேசரின் அதிர்வெண்ணை இம்மியளவு நகர்த்தினால் வேண்டிய நிலையிலுள்ள அணுக்களே மிகுதியாக அயனியாகும். அவற்றைப் பென்னிங் பொறியில் அடைத்து, காந்தப்புலத்தில் அவை சுழலும் அதிர்வெண்ணிலிருந்து நிறையைக் கணித்தார்கள். ஒளி, நிறை, சிதைவு ஆகிய மூன்று சான்றுகளும் ஒத்துப்போன அந்த முடிவு 2004-இல் வெளியானது. அணுக்கரு ஆய்வில் இதைவிடத் தெளிவான அடையாளப் பணி எனக்குத் தெரிந்து குறைவு.

சேய்க்கருவான துத்தநாகம்-70-இலும் இந்த வேறுபாடு தெரியும். தற்சுழற்சி 1 உள்ள நிலை அதன் அடிநிலைக்கே நேராகச் சிதையலாம். தற்சுழற்சி 6 உள்ளதோ உயர்ந்த கிளர்நிலைகளைத்தான் நாடும். விண்மீன்களில் கனத் தனிமங்கள் உருவாவதைக் கணக்கிடுவோர் இதைக் கவனிக்க வேண்டும். கடும் வெப்பத்தில் நிலைகள் ஒன்றுக்கொன்று மாறிக்கொண்டிருக்கும்; வெப்பம் தணிந்ததும் ஒவ்வொன்றும் தன் அரை ஆயுளின்படி தனித்தே சிதையும். அங்கே அடிநிலையின் அரை ஆயுளை மட்டும் இட்டால் கணக்குப் பிழைபடும்.